பர்மாப் பெட்டியும் ஐந்து லட்ச ரூபாயும்

கேள்வி: என் கணவரின் தாத்தா பர்மாவின் மோல்மேன் ஊரில் லேவாதேவிக் கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். ஜப்பான் சண்டை முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு 1946-ல் ஊர் திரும்பினார். போன மாதம் பழைய வீட்டை ஒழித்துப் போடும்போது அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு துணி முடிச்சு கிடைத்தது. ஜப்பான்காரர்கள் அடித்த பர்மா ரூபாய் ஒரு கத்தை, ராஜா தலை போட்ட நோட்டு ஒன்பது. ராஜா நோட்டில் நாலைப் பத்திரமாக இருக்கட்டும் என்று மகன் லேமினேட் செய்துவிட்டான். லண்டனில் நம் நாட்டு நூறு ரூபாய் நோட்டு ஒன்று 56 லட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி காட்டி, நான் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது வரும் பணத்தில் ஐந்து லட்சத்தைப் பழைய நோட்டில் போடலாம் என்கிறான். போடலாமா? இன்னொன்று: டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, 786 என்று முடிவது, எங்களிடம் இருக்கிறது. அதை மூன்று லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகப் போனில் ஒருவர் சொல்கிறார். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் கட்டச் சொல்கிறார். மாமியார் சேர்த்து வைத்து மறந்துபோன பழைய 500 ரூபாய் நோட்டு 14 இருக்கிறது, அதையும் வைத்துக்கொள்ளலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
— வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புள்ள அம்மா,

அந்தப் போன்காரரை முதலில் முடித்துவிடுவோம். ஒரு பைசா கட்டாதீர்கள், எண்ணைத் தடை செய்துவிடுங்கள். டிராக்டர் ஐந்து ரூபாய் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட நோட்டு. இன்னமும் எத்தனையோ வீட்டு உண்டியலில் கிடக்கிறது. 786 என்ற எண்ணை ராசியாகக் கருதி வாங்குகிறவர்கள் உண்மையிலேயே உண்டு. முகமதிப்புக்கு மேலே கொஞ்சம் கொடுப்பார்கள், மூன்று லட்சம் கொடுக்க மாட்டார்கள். இன்று 2,500 கட்டினால் நாளை ஜி.எஸ்.டி. என்பார், மறுநாள் ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்பார். இந்த மாதிரி ஏமாற்று அதிகமாகித்தான் 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்குவதிலோ விற்பதிலோ எங்களுக்குச் சம்பந்தம் இல்லை, யாரிடமும் நாங்கள் கமிஷன் கேட்பதில்லை என்று. உண்மையாக வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் கொடுப்பார், உங்களிடம் கேட்க மாட்டார்.

மாமியாரின் 500 ரூபாய் நோட்டுக்குச் சட்டம் இருக்கிறது. 2016 நவம்பர் 8 அன்று செல்லாது என்று அறிவித்த 500, 1000 ரூபாய் நோட்டுகளை ஒருவர் மொத்தமாகப் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2017-ல் வந்த சட்டம் சொல்கிறது. ஆய்வு, படிப்பு, நாணயவியல் காரணத்துக்காக என்றால் 25 வரை வைத்துக்கொள்ளலாம். மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அதுவரை போகலாம். பதினாலில் நல்லதாகப் பத்தை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் அவற்றை இனி மாற்றவும் முடியாது, விலைக்கும் போகாது.

இனி லண்டன் நோட்டு. செய்தியில் 56 லட்சம் என்று வந்தது சரிதான், ஆனால் அது எந்த நோட்டு என்று உங்கள் மகன் கீழே படித்தாரா தெரியவில்லை. அது ஹஜ் நோட்டு. 1950-களில் வளைகுடா நாடுகள் பலவற்றில் நம் ரூபாய்தான் புழக்கத்தில் இருந்தது. அங்கிருந்து இங்கே தங்கம் கடத்தி வருகிறவர்கள் ரூபாயைக் கட்டுக்கட்டாக அங்கே கொண்டுபோய்க் கொட்ட, அது வங்கிகள் வழியாக நம் அரசிடமே அந்நியச் செலாவணி கேட்டுத் திரும்பி வந்தது. இதைத் தடுக்க 1959-ல் வளைகுடாவுக்கென்று வேறு நிறத்தில், இசட் என்ற எழுத்தில் தொடங்கும் சீரியலோடு தனி நோட்டு அடித்தார்கள். மெக்கா போகும் பயணிகளுக்கு என்று பத்து ரூபாயிலும் நூறு ரூபாயிலும் இன்னொரு தனி நோட்டு, சீரியலுக்கு முன்னால் எச்.ஏ. என்ற எழுத்துகளோடு வந்தது. அது இந்தியாவுக்குள் செல்லாது. பயணத்தின்போது செலவாகி, கணக்கு முடிந்து திரும்பி வந்துவிடும் பணம். நூறு ரூபாய் என்பது அன்றைக்குப் பலருக்கு ஒரு மாதச் சம்பளம். அதை ஞாபகார்த்தமாக எடுத்து வைக்க யாருக்கு மனசு வரும்? அதனால்தான் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் உலகத்தில் இருக்கிற பணக்காரச் சேகரிப்பாளர்கள் நாலு பேர் போட்டி போடுகிறார்கள்.

இதோடு உங்கள் கத்தையை வைத்துப் பாருங்கள். ஜப்பான்காரர்கள் பர்மாவுக்கு அடித்த ரூபாய் 1942 முதல் வந்தது. அதாவது ஹஜ் நோட்டைவிடப் பதினேழு வருடம் மூத்தது. மேலே ‘தி ஜாப்பனீஸ் கவர்ன்மென்ட்’ என்று இருக்கும், சீரியல் எண்ணே இருக்காது, பி என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் எழுத்துக்குறி மட்டும் இருக்கும். எண் போட்டுக் கணக்கு வைக்காமல் இஷ்டத்துக்கு அடித்துத் தள்ளினார்கள். 1945-ல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் ஒரே நாளில் வெறும் காகிதமாகிவிட்டது. வெறும் காகிதமானதை யாரும் செலவழிக்க முடியாதல்லவா, அதனால் அப்படியே கட்டுக்கட்டாகத் தங்கிவிட்டது. செட்டிநாட்டிலும் ராமநாதபுரம் பக்கமும் பழைய நோட்டு வியாபாரியான எனக்கு வரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கத்தைதான். மலாயாவிலிருந்து வந்த குடும்பமாக இருந்தால் எம் என்று தொடங்கும் டாலர் நோட்டு, பத்து டாலரில் வாழை மரம் போட்டது. கருக்கு அழியாமல் இருந்தாலும் சாதாரண வகை ஒன்று ஐம்பது, நூறு ரூபாய்க்குப் போகும். கசங்கியது அதற்கும் போகாது. தாத்தாவுக்கு அதில் எத்தனை மாதச் சம்பளம் போனதோ, பாவம்.

ஆக, வயசு விலை தராது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், கையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் விலை. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பெட்டியில் இருப்பது வெறும் ஞாபகம்தான்.

உங்கள் ராஜா தலை நோட்டுகளில்தான் எனக்கு ஆர்வம். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்பதும் ஆறாம் ஜார்ஜ். ரிசர்வ் வங்கி 1935-ல் தொடங்கினாலும் அதன் பெயரில் முதல் நோட்டு 1938 ஜனவரியில்தான் வந்தது. ஐந்து ரூபாய், அப்போதைய கவர்னர் ஜேம்ஸ் டெய்லர் கையெழுத்து. அந்த நோட்டுகளில் ராஜா பக்கவாட்டில் பார்ப்பார். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் அடித்த கள்ள நோட்டைத் தடுக்க முகத்தை நேராகத் திருப்பினார்கள். 1944-ல் காகிதத்துக்குள் பாதுகாப்பு இழையும் வந்தது, இந்திய நோட்டில் அதுவே முதல் தடவை. உங்களிடம் பக்கவாட்டு முகம் ஆறு, நேர்முகம் மூன்று இருக்கிறது. நேர்முகம் போட்டதில் தேஷ்முக் கையெழுத்து தெரிகிறது. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர் அவர்.

பக்கவாட்டு ஆறில் இரண்டு நோட்டு, ஒரு பத்து ரூபாயும் ஓர் ஐந்து ரூபாயும், மற்றவை மாதிரி இல்லை. அவற்றில் ‘மிலிட்டரி அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் பர்மா’ என்றும் பர்மாவில் மட்டுமே செல்லும் என்றும் ஆங்கிலத்தில் கூடுதலாக ஓர் அச்சு விழுந்திருக்கிறது. தொழிலில் இதை ஓவர்பிரின்ட் என்போம். பர்மா 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது, ஆனாலும் அதன் பணத்தை நம் ரிசர்வ் வங்கிதான் 1947 வரை பார்த்துக்கொண்டது, ஜப்பான் ஆண்ட காலம் தவிர. ஜப்பானை விரட்டிக்கொண்டு போன ராணுவம் 1945-ல் அவசரத்துக்குப் பயன்படுத்தியவை இந்த ஓவர்பிரின்ட் நோட்டுகள். அப்புறம் 1947-ல் ‘பர்மா கரன்சி போர்டு’ என்று இன்னோர் அச்சு வந்தது. தாத்தா 1946-ல் கிளம்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பெட்டியில் முதல் வகை இருப்பதும் இரண்டாவது இல்லாததும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தப் பொருத்தத்தையும் நாங்கள் விலையில் பார்ப்போம், ஏனென்றால் ஓவர்பிரின்டில் திருட்டு வேலை நிறைய.

திருட்டு எப்படி என்றால், சாதாரண ஜார்ஜ் நோட்டை எடுத்து அதன்மேல் ஒரு வரி அச்சடித்துவிட்டால் விலை பல மடங்காகிவிடும். பர்மா அச்சும் இப்படி வருகிறது, 1948-ல் பாகிஸ்தானுக்காக நம் நோட்டில் அடித்துக் கொடுத்த ‘கவர்ன்மென்ட் ஆஃப் பாகிஸ்தான்’ அச்சும் இப்படி வருகிறது. கண்டுபிடிக்க ஒரு வழி உங்கள் வீட்டு மேஜையிலேயே செய்யலாம். பூதக்கண்ணாடி வைத்து, மடிப்புக் கோடு ஓவர்பிரின்ட் எழுத்தைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். அசல் நோட்டில் அச்சு முதலில், மடிப்பு அப்புறம். ஆகவே மடிப்பில் மை உடைந்து, உள்ளே இருக்கும் வெறும் நார் தெரியும். போலியில் ஏற்கனவே மடிந்து தேய்ந்த காகிதத்தின்மேல் மை ஏறியிருக்கும்; பள்ளத்துக்குள்ளும் மை இறங்கி, ஓரங்களில் நாருக்குள் கசிந்திருக்கும். உங்கள் பத்து ரூபாயில் எல் எழுத்தின் நடுவே மடிப்பு போகிறது, அங்கே மை விட்டுப்போயிருப்பது படத்திலேயே தெரிகிறது. நல்ல அறிகுறி. நோட்டை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அடுத்தது நிலை. இதில்தான் புதிதாக வருகிறவர்கள் பணத்தை விடுகிறார்கள். ஒரே நோட்டு, ஒரே வருடம், ஒரே கையெழுத்து. கருக்கு அழியாதது பத்து ரூபாய்க்குப் போனால் நாலாக மடித்துச் சட்டைப்பையில் திரிந்தது ஒரு ரூபாய்க்குப் போகும். அமெரிக்காவில் பி.எம்.ஜி. போன்ற நிறுவனங்கள் நோட்டைப் பரிசோதித்து, 70-க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துக் கொடுக்கின்றன. 65-க்கும் 58-க்கும் விலையில் இருக்கும் தூரம் பார்த்தால் தலை சுற்றும்.

விலை இப்படி இருப்பதால் பழைய நோட்டைப் புதிதாக்கிக் காட்டும் வேலையும் நடக்கிறது. சோப்புத் தண்ணீரில் அலசுவார்கள், பிளீச் போடுவார்கள், கஞ்சி ஏற்றி இஸ்திரி போடுவார்கள். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். விரலால் தடவினால் அச்சு மேடு இருக்காது, எல்லாம் வழவழவென்று படுத்திருக்கும். முந்நூறு, நானூறு ரூபாய்க்கு ஒரு புற ஊதா டார்ச் கிடைக்கிறது. இருட்டில் அதைக் காட்டினால் அசல் நோட்டுக் காகிதம் மங்கலாகத்தான் இருக்கும், துணி சோப்பில் குளித்தது நீல வெள்ளையாகக் கொதிக்கும். வாங்குவதற்கு முன்பு இந்த டார்ச்சை எடுத்தவுடன் சில வியாபாரிகளின் முகம் மாறும். அதுவும் ஒரு பரிசோதனைதான்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் பயப்படாதீர்கள். உங்கள் ராஜா தலை ஐந்து ரூபாய் நோட்டில் ஒரு பக்க ஓரமாக இரண்டு சிறு ஓட்டை இருப்பது படத்தில் தெரிகிறது. அது வங்கியில் கட்டுக்குக் கம்பி அடித்த ஓட்டை. 2001-ல் ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொல்லும்வரை நம் நாட்டு நோட்டெல்லாம் இப்படித்தான் வெளியே வந்தது. ஒருவர் கையும் படாத நோட்டிலும் இது இருக்கும். வெளிநாட்டுக்காரர்களும் இதைப் புரிந்துகொண்டு, வெளியிடும்போதே இருந்த ஓட்டை என்று குறிப்பு எழுதிவிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். குண்டூசி குத்திய ஓட்டை, செல்லோ டேப், பால்பாயின்ட் பேனா, இவையெல்லாம் வேறு கதை.

லேமினேட் செய்தது வருத்தமான விஷயம். மகனைத் திட்ட வேண்டாம், அன்பாகத்தான் செய்திருக்கிறார். சூடு பட்டு பசை காகிதத்துக்குள் போயிருக்கும். உரித்தால் அச்சும் சேர்ந்து வரும். அந்த நாலையும் அப்படியே விட்டுவிடுங்கள், கண்ணாடிச் சட்டம் போட்டுத் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம். நல்லவேளையாக ஓவர்பிரின்ட் இரண்டும் அதில் சிக்கவில்லை.

மீதியை வைக்கும் முறை சுலபம். கடையில் விற்கும் மலிவான போட்டோ ஆல்பம் வேண்டாம், அந்த பி.வி.சி. பிளாஸ்டிக் சில வருடத்தில் பிசுபிசுத்து மையை இழுக்கும். பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள், மைலார் என்றால் புரியும். ஒரு உறைக்கு ஒரு நோட்டு. மடித்ததை விரித்து வையுங்கள், ஆனால் இஸ்திரிப் பெட்டி பக்கம் போகாதீர்கள். மழைக்காலத்தில் பீரோவுக்குள் ஈரம் ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை திறந்து காற்றுப் பட வையுங்கள். ராமபாணப் பூச்சி நோட்டை விரும்பிச் சாப்பிடும். வங்கி லாக்கர் என்றால் இன்னும் கவனம், அங்கே நீங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் போவீர்கள்.

இப்போது ஐந்து லட்சம். நான் இதே தொழிலில் இருப்பவன், நோட்டு விற்றுச் சாப்பிடுகிறவன் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஓய்வுப் பணத்தைப் பழைய நோட்டில் போடாதீர்கள்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஏலத்தில் ஒரு நோட்டு 40,000 ரூபாய்க்கு உங்களுக்கு விழுகிறது என்று வையுங்கள். ஏலக்காரருக்கு வாங்குகிறவர் தரும் கமிஷன் 20 சதவீதம் என்றால் 8,000. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,440. தபால், காப்பீடு எல்லாம் விட்டுவிட்டாலும் கையைவிட்டுப் போனது 49,440. ஐந்து வருடம் கழித்து விற்கிறீர்கள். விற்கிறவரிடமும் கமிஷன் உண்டு, 12 சதவீதம் என்று கொள்வோம். போட்ட காசு அப்படியே திரும்ப வர ஏல விலை 56,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். அதாவது நோட்டு 40 சதவீதம் ஏறினால்தான் உங்களுக்கு நஷ்டமில்லை. லாபம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. இடையில் வட்டி இல்லை, வாடகை இல்லை. தங்கம் என்றால் நாளைக் காலையில் எந்த நகைக்கடையிலும் காசாக்கலாம். நோட்டுக்கு அப்படி ஒரு கடை கிடையாது. அடுத்த ஏலம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அன்றைக்கு அந்த நோட்டைத் தேடுகிற இரண்டு பேர் வந்திருக்கவும் வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் அவர் சொன்னதுதான் விலை.

இதில் சம்பாதித்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். நான் பார்த்தவரை அவர்கள் எல்லோரும் இருபது, முப்பது வருடம் ஆசைக்காகச் சேர்த்தவர்கள். படித்துப் படித்துக் கண் பழகி, மற்றவர் கவனிக்காத நோட்டைச் சாதாரண விலைக்குப் பொறுக்கியவர்கள். 1917-ன் கடைசியில் ஒரு ரூபாய் நோட்டோடு சேர்ந்து கொஞ்ச காலமே புழங்கிய இரண்டு ரூபாய் எட்டணா நோட்டை ஒரு காலத்தில் சும்மா வேடிக்கைக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 1926-ல் நின்றுபோன அந்த நோட்டு இன்றைக்கு நல்ல நிலையில் லட்சத்தில் பேசப்படுகிறது. ஆனால் இன்றைய விலையில் அதை வாங்கி ஐந்து வருடத்தில் இரட்டிப்பாக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் கையில் விற்க ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

மகன் அடுத்ததாகக் கட்டு வாங்கி வைக்கலாம் என்பார். 2015-ல் ஒரு ரூபாய் நோட்டு மறுபடி வந்தபோது நூறு நோட்டுக் கட்டுகளை அடித்துப்பிடித்து வாங்கியவர்கள் ஏராளம். எல்லோரும் வாங்கி வைத்தது எப்படி அரிதாகும்? அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக வரும், சீரியலில் நட்சத்திரம் போட்ட மாற்று நோட்டும் அப்படித்தான், ஒரு சில வகை போக மீதி எல்லாம் நிறையக் கிடைக்கிறது. 1954-ல் வந்த தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு மேல் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஒரு கண். எனக்கும்தான். ஆனால் 1978 ஜனவரியில் அதைச் செல்லாததாக்கிய சட்டத்திலேயே கைமாற்றுவதற்குத் தடை என்ற வாசகமும் இருக்கிறது. சந்தையில் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். இருந்தாலும் ஓய்வு பெறப்போகிற ஒருவரின் முதல் கொள்முதலாக அது வேண்டாம்.

நான் சொல்வது இதுதான். நாலே முக்கால் லட்சத்தைத் தபால் அலுவலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்குங்கள். மிச்சம் 25,000 ரூபாயை ஒரு வருடத்துக்கு என்று ஒதுக்குங்கள், திரும்பி வராது என்ற நினைப்பிலேயே. முதலில் இந்தியக் காகிதப் பணத்துக்கான நல்ல விலைக் கையேடு ஒன்று, அந்த டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, உறைகள். அப்புறம் ஆறு மாதம் எதுவும் வாங்காமல் பார்ப்பது மட்டும். மும்பையில் ரிசர்வ் வங்கியே நடத்தும் பண அருங்காட்சியகம் இருக்கிறது. பெங்களூரில் இந்தியக் காகிதப் பணத்துக்கென்றே ஒரு தனியார் அருங்காட்சியகம் இருக்கிறது, தேவகோட்டையிலிருந்து ஒரு இரவுப் பயணம். ஏலக்காரர்களின் பட்டியல்கள் இணையத்தில் இலவசம். எது எவ்வளவுக்குப் போனது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள், கேட்ட விலையை அல்ல, போன விலையை.

எதைச் சேர்ப்பது என்பதில் உங்களுக்குக் குழப்பமே வேண்டாம். பர்மா. பிரிவுக்கு முன்பு ரங்கூன் வட்டத்தில் வந்த நோட்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கல்கத்தா, பம்பாய், சென்னை, ரங்கூன் என்று வட்டம் வட்டமாகத்தான் நோட்டு வெளியானது, ஆரம்பத்தில் ஒரு வட்டத்து நோட்டு இன்னொரு வட்டத்தில் செல்லாது. இவை விலை அதிகம், ஆசைப்பட மட்டும். 1937-ல் ஐந்தாம் ஜார்ஜ் நோட்டின்மேல் விழுந்த முதல் பர்மா அச்சு, அடுத்து பர்மாவுக்கென்றே ரிசர்வ் வங்கி அடித்த ஆறாம் ஜார்ஜ் நோட்டு, ஜப்பான் ரூபாய், 1945 ராணுவ அச்சு, 1947 கரன்சி போர்டு. பத்து வருடத்துக்குள் ஒரு நாட்டுப் பணம் ஐந்து முறை சட்டை மாற்றிய கதை. அதில் இரண்டு கட்டம் ஏற்கனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. கரன்சி போர்டு ஒரு ரூபாய் சுமாரான நிலையில் உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும், அதிலிருந்து தொடங்கலாம். மோல்மேன் கடையின் பற்றுச்சீட்டு, தாத்தா எழுதிய கடிதம் ஏதாவது பெட்டியில் இருந்தால் அவற்றையும் நோட்டோடு சேர்த்தே வையுங்கள். எந்தக் குடும்பத்தில் எப்படி வந்தது என்று காகிதத்தோடு காட்டினால் வாங்குகிறவரின் சந்தேகம் பாதி குறையும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. விற்றால் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வரக்கூடும். வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள், விற்கிற வருடம் ஆடிட்டரைக் கேளுங்கள். நூறு வருடம் தாண்டிய பொருள் ஏதாவது பின்னால் கைக்கு வந்தால், 1972-ன் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாமே என்று மகன் கிளம்பிவிட வேண்டாம்.

அந்த ஓவர்பிரின்ட் இரண்டையும் விற்கச் சொல்லவில்லை. ஆனால் விலை தெரிந்துகொள்ள ஆசைப்படுவீர்கள், அது நியாயம். சென்னையில் நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிக்கு ஒருமுறை வாருங்கள், ஒரே கூரையின்கீழ் பத்துப் பதினைந்து வியாபாரிகள் இருப்பார்கள். மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். ‘எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வீர்கள்’ என்று மட்டும் கேளுங்கள், ‘இதன் மதிப்பு என்ன’ என்று கேட்காதீர்கள். இரண்டாவது கேள்விக்கு யார் வேண்டுமானாலும் தாராளமாகப் பதில் சொல்வார்கள். நோட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், உறையிலிருந்து எடுப்பதாக இருந்தால் உங்கள் கண் முன்னால் எடுக்கட்டும். மதிப்பெண் போட அனுப்புகிறேன் என்று சொன்னால் சீரியல் எண் எழுதிய ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.